பின்கதவைப் பார்க்கிற பெண்

சலவைக்கூடத்தின் வாசல் மணி அடித்தால் வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று எல்லோரும் திரும்புவார்கள். அந்தப் பெண் மட்டும் கையிலிருக்கும் துணியைப் போட்டுவிட்டுப் பின்கதவைப் பார்ப்பாள். "தபால்காரர்தான் வந்திருக்கார், தொட்டாச்சிணுங்கி! ஓடிடாதே," என்று இஸ்திரி அண்ணன் சிரிப்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். இப்போது பத்தொன்பது வயது. இங்கேயே தங்கக் கேட்ட அனுமதியோ கிணற்றில் போட்ட கல். எல்லோருடைய கப்பும் அலமாரியில் இருக்க, அவள் பிளாஸ்க் மூடியில்தான் தேநீர் குடிப்பாள். "இருக்கச் சொல்வாங்களா, போகச் சொல்வாங்களான்னே தெரியல. எனக்கு எதுக்குக்கா கப்பு?" என்பாள், துணி மடிக்கும் அக்காவிடம். அந்த அக்காவிடம் மட்டும்தான் அவள் மனம் விட்டுப் பேசுவாள்.

அந்த அக்காவின் கைதான் போன வாரம் விரிப்புகளைத் தேய்க்கும் உருளை மெஷினில் சிக்கி வெந்துபோனது. விசாரிக்கச் சீருடையோடு ஓர் அதிகாரி வந்தார்.

"கவனமில்லாம கையை உள்ள விட்டுட்டாங்க சார்," என்றார் முதலாளி. அப்படி முடிந்தால் அக்காவின் வைத்தியத்துக்குக்கூட யாரும் பொறுப்பில்லை. குடியுரிமை உள்ள இஸ்திரி அண்ணன் பிடித்துவைத்த பிள்ளையார்போல் நின்றார்.

அவள் பின்கதவைப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. பிறகு முன்னால் வந்தாள்.

"தடுப்புக் கம்பி இருந்திருந்தா கை உள்ள போயிருக்காது சார். வேலை வேகமா நடக்கணும்னு முதலாளிதான் கழட்டச் சொன்னார். நான் பார்த்தேன்."

"உன் பேரு, விலாசம்?"

தைரியசாலி என்றால் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அவளுக்கு முழங்கால் நடுங்கியது. ஆனாலும் இரண்டையும் தெளிவாகச் சொன்னாள். "எனக்கு இன்னும் பேப்பர் வரல சார். அதையும் எழுதிக்குங்க."

"அது எனக்கு வேண்டாம்மா. நீ பார்த்தது போதும்."

அதிகாரி போனதும் முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் கழற்றிய கம்பியைத் தேடப் போனார். அவள் துணி மூட்டையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இஸ்திரி அண்ணன் தன் கப்பிலேயே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"பேப்பர் கையில இருந்தும் நான் ஊமையா நின்னேன். பயந்தாங்கொள்ளி நான்தாம்மா. மணிச் சத்தத்துக்கெல்லாம் நடுங்கிக்கிட்டே வளர்ந்த நீ, அந்த நடுக்கத்தோடயே முன்னால வந்துட்டே. உன்னை மாதிரிப் பிள்ளைங்கள இருன்னும் சொல்லாம, போன்னும் சொல்லாம வருஷக்கணக்கா நிறுத்தி வைக்கிறது பாவம். அந்த நடுக்கத்தைப் பார்த்துச் சிரிச்சேனே, அது அதைவிடப் பெரிய பாவம்."