விஜயதசமியன்று எழும்பாத பெட்டி

விஜயதசமி காலையில் நிரோஜா தலைக்கு முழுகி, கூந்தலில் துவாயைச் சுற்றிக்கொண்டு, முதல்நாள் சரஸ்வதி பூசையில் கணினிப் பெட்டிக்கு வைத்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமத்தினாள். உள்ளே காற்றாடி விர்ரென்று சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வரப்போகிறது என்று அவள் நிமிர்ந்த நேரம் பார்த்து எல்லாம் ஒன்றாக அணைந்துபோனது.

கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தாள். மின்விசிறி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. குசினியில் மாமியின் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரும்ப அமத்தினாள், அசைவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகி அமத்தினாள். விர்ரென்றது, அணைந்தது. இன்னொரு தரம். அதே விர், அதே இருட்டு. முழுதாகச் செத்துத் தொலைத்தாலாவது மனம் ஆறும். இது எழும்புகிற மாதிரி எழும்பி, ஆளை நம்ப வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு முழுப் புத்தகம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் படிப்பித்து ஓய்வு பெற்ற யாக்கோப்பு சேர், களப்பு மீன்களைப் பற்றியும் வலைகளைப் பற்றியும் எழுதிய புத்தகம். மனிதருடைய கையெழுத்து இறால் துள்ளின மாதிரி இருக்கும். அதைக் கூட்டிக் கூட்டி வாசித்து, விளங்காத மீனின் பெயரை எல்லாம் போன் எடுத்துக் கேட்டு, மாதக் கணக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தாள் நிரோஜா. சனிக்கிழமை பின்னேரத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அச்சகம் பள்ளிக்கூடக் கலண்டர் வேலையில் இறங்கிவிடும். சேருடைய ஊர்க் கோயில் திருநாளுக்குப் புத்தகம் வராது. அவளை நம்பி வந்த முதல் புத்தகம் அது. முதல் புத்தகத்திலேயே பெயர் கெட்டால் இரண்டாவது எங்கே வரப்போகிறது?

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தாள். காலபோக நெல் உழவு தொடங்கியதும் அவளுடைய கணவன் சுதாகரன் அந்தப் பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு போய், உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, உழவு மெசினில் கேட்பதற்குப் பாட்டு ஏற்றிவிட்டான். யாக்கோப்பு சேரின் கெளிறு மீனும் திரளி மீனும் போன இடத்தில் இப்போது குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

பூசையன்றைக்கே அவள் வேலையை முடித்திருக்கலாம். கடைசி அத்தியாயம் பார்த்துத் திருத்துவதுதான் மிச்சம். சுதாகரனின் தாய், மாமி பேச்சியம்மாதான் விடவில்லை.

"பூசையில வச்ச சாமானத் தொடப்புடாது புள்ள. நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று சொல்லி, மண்வெட்டி, கத்தி, சுதாகரனின் மோட்டார் சைக்கிள், சோறு காய்ச்சும் குக்கர் என்று வீட்டிலிருந்த சகலத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், கணினியையும் விட்டுவைக்கவில்லை. நிரோஜா அப்போது குசினியில் கடலை தாளித்துக்கொண்டு நின்றாள்.

பேச்சியம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கத்துக்கு வந்து, காடு வெட்டின கையோடு வளர்ந்தவள். இத்தனை வருசத்துக்குப் பிறகும் தோட்டத்துப் பேச்சு அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. கணினியை அவள் 'பொட்டி' என்றுதான் சொல்லுவாள். "பொட்டியத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்பது அவள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி நிரோஜாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

கிளிநொச்சியில் கணினி திருத்துகிற யதுர்ஷனுக்குப் போன் எடுத்தாள்.

"விண்டோஸ் போயிருக்கும் அக்கா. ஃபோர்மட் அடிச்சால் சரி" என்றான் அவன், பெட்டியைப் பார்க்காமலே.

"தம்பி, திரையே வரேல்லை. அதுக்கு முதலே நிக்குது. பிறகெப்பிடி விண்டோஸ் போகும்? ஃபோர்மட் அடிச்சால் உள்ளுக்கை இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடுமெல்லே?"

"அப்ப மெமரி றாமாத்தான் இருக்கும். கழட்டி அழிறப்பரால தேய்ச்சுப் போடுங்கோ."

கழற்றினாள். அழிறப்பரால் தேய்த்தாள். உள்ளே ஊதினாள், தூசி கண்ணுக்குள் போனது. பூட்டி அமத்தினாள். விர், இருட்டு. சுதாகரனுக்குப் போனில் சொன்னால், அவன் உழவு மெசின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான்: "அந்தப் பெடியன் சொல்லுற மாதிரி ஃபோர்மட்டை அடிச்சுவிடனப்பா!" அவள் போனை வைத்தாள். பதில் சொல்லியிருந்தால் அந்தப் பென்ட்ரைவில் தொடங்கிக் கலியாண நாள்வரைக்கும் போயிருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டியைப் படங்குத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனாள். "பிள்ளை நித்திரையோ அக்கா?" என்று கொண்டக்டர் பகிடி விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

யதுர்ஷனின் கடையில் சனம் நிறைந்திருந்தது. ஒருபடியாக அவளுடைய முறை வந்தது. அவன் மூடியைக் கழற்றி, மதர்போட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து, தூரிகையால் தூசி தட்டி, பொத்தானுக்குப் போகிற வயரைக் கழற்றி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, போட்டில் இருந்த இரண்டு ஊசிகளை ஸ்குரூ முடுக்கும் திருப்புளியின் நுனியால் தொட்டான். காற்றாடி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. நின்று பிடித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களே அக்கா? தூசிதான்."

"தம்பி, ஒரேயொரு புத்தகம் மட்டும் அதுக்குள்ள இருந்து எடுத்துத் தருவியே?"

"அதுதான் வேலை செய்யுதே. வீட்டை போய் ஆறுதலா எடுங்கோவன். இஞ்ச எவ்வளவு சனம் நிக்குது பாருங்கோ."

அவன் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி அவள் கையில் தந்தான். அந்த நேரம் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாலு பேர் பின்னால் நின்று அவளைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வயரைச் செருகிப் பொத்தானை அமத்தினாள். விர்ரென்றது, அணைந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் யதுர்ஷனைப் போனில் பிடித்தாள். "கடையில வேலை செய்தது, அங்க செய்யேல்லை எண்டால் உங்கட வீட்டுக் கரண்ட்தான் பிழை" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அமராவதியக்காவிடம் போனாள். அங்கேயும் விர், இருட்டு. திரும்பப் போன் எடுத்தாள். "அப்ப ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டு வாங்கோ, வேற ஒண்டில போட்டு எடுப்பம். ஆனால் இண்டைக்குக் கடை இல்லை அக்கா. மல்லாவியில ஒரு கலியாணவீட்டுக்கு வந்து நிக்கிறன். திங்கக்கிழமை வாங்கோ." பின்னால் நாதஸ்வரம் கேட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து என்ன செய்வது? மீனுக்கா வாசித்துக் காட்டுவது?

போனை வைத்ததும் யாக்கோப்பு சேரே அழைத்தார்.

"பிள்ளை, அனுப்பியாச்சோ? அச்சகக்காரர் கேக்கினம்."

"இப்ப அனுப்பப் போறன் சேர்."

"நல்லது மகள். கர்த்தர் ஆசீர்வதிப்பார்."

பொய் சொன்ன வாய் கசந்தது. அந்தக் கசப்போடு திரும்பினால், வாசலில் பேச்சியம்மா பிளேன்ரீக் கோப்பையோடு நிற்கிறாள்.

"என்னா புள்ள, நேத்துலருந்து பட்டினியா கெடக்குற. அந்தப் பொட்டி போனாப் போவுது..."

"எல்லாம் உங்களாலதான் மாமி!" நிரோஜாவின் குரல் அமராவதியக்கா வீடுவரைக்கும் கேட்டிருக்கும். "அண்டைக்கு என்னை வேலை செய்ய விட்டிருந்தால் அப்பவே முடிச்சு அனுப்பியிருப்பன். பூசை, பூசை எண்டு மறிச்சு வைச்சியள். உங்கட பூசையாலதான் இது நாசமாப் போச்சுது. இப்ப சந்தோசமோ? இனி நானும் உங்களோட வயலுக்கு வாறன், அதுதானே உங்களுக்கு வேணும்?"

பேச்சியம்மா பிளேன்ரீயை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். எதிர்த்து இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலாவது நிரோஜாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வாயைக் கொடுத்துவிட்டோமே என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்ள, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தால் கற்பூர வாசம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பேச்சியம்மா கையில் தட்டோடு நின்றாள். தட்டில் குழைத்த சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரத்தம்பூ.

"வெலகு புள்ள. அன்னைக்குப் பூசையில ஏதோ கொற வச்சிட்டேன் போல."

இது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு நிரோஜா கதிரையைத் தள்ளி வழிவிட்டாள். பேச்சியம்மா மோதிர விரலால் சந்தனத்தை வழித்தாள். பெட்டியின் மேல்பக்கம் இருக்க, திரை இருக்க, குனிந்து நேரே பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனாள்.

"பொறுங்கோ மாமி! எங்க வைக்கிறியள்?"

"அன்னைக்கு வச்ச எடத்துலதான்."

"அண்டைக்கும் இதிலையோ வைச்சனீங்கள்?"

"ஆமா. காஞ்சா உதுந்துடுதுன்னு நல்லா கெட்டியா கொழச்சு அப்பி வச்சேனே. நீதான் மக்காநாளு தொடச்சிட்ட."

"இவ்வளவு பெரிய பெட்டியில உதில ஏன் வைச்சனீங்கள்?"

பேச்சியம்மாவுக்குக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது. "நீ காலயில மொத மொதல்ல வெரல வைக்கிற எடம் அதுதானே? தெனமும் குசினியிலருந்து பாத்துகிட்டுத்தானே இருக்கேன். இந்தப் புள்ள தொடுற எடம் வெளங்கணும் தாயேன்னு சொல்லித்தான் அதுல வச்சேன்."

நிரோஜா போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்தாள். பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கு முழுவதும் மஞ்சளாக, காய்ந்து, சீமெந்து பூசியதுபோல இறுகியிருந்தது. ஈரத்துணியால் அவளே உள்ளே தள்ளிவிட்டிருக்கிறாள். பொத்தான் ஒரு பக்கம் உள்ளே போனபடி, வெளியே வராமல் கிடந்தது. முந்தி அமத்தினால் டிக் என்று ஒரு சத்தம் வரும். இந்த மூன்று நாளும் அந்தச் சத்தமே இல்லை. வந்த கோபத்தில் சத்தம் இல்லாதது அவளுக்கு உறைக்கவில்லை. கணினி சிக்கிக்கொண்டால் அவளே செய்கிற வேலைதான் இது. பொத்தானை விடாமல் அமத்திப் பிடித்தால் அது தானாக அணைந்துவிடும். இப்போது அவளுக்குப் பதிலாகச் சந்தனம் அமத்திப் பிடித்திருக்கிறது. யதுர்ஷன் திருப்புளியால் ஊசியைத் தொட்டானே தவிர, இந்தப் பொத்தானைத் தொடவே இல்லை.

"மாமி, உங்கட காப்பில இருக்கிற ஊக்கைத் தாங்கோ."

ஊக்கின் நுனியால் இடுக்கைச் சுற்றிச் சுரண்டினாள். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பொத்தான் டிக்கென்று வெளியே வந்தது. அவள் சாமியும் கும்பிடவில்லை, மூச்சும் விடவில்லை, அமத்தினாள். காற்றாடி சுற்றியது. எழுத்து வந்தது. சுதாகரனும் அவளும் கலியாணத்தன்று எடுத்த படம் திரை முழுவதும் விரிந்தது. புத்தகம் இருந்தது. கெளிறு இருந்தது, திரளி இருந்தது, கடைசி அத்தியாயம் திருத்தாமல் அப்படியே இருந்தது.

அவள் பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். அச்சகத்துக்கு அனுப்பி, வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் கதிரையில் சாய்ந்தாள். அதற்குள் மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது. பேச்சியம்மா கதவுநிலையில் சாய்ந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே மஞ்சள் பொருக்குகள் சிந்திக் கிடந்தன.

"நாந்தான் அடைச்சுப்புட்டேனா புள்ள?"

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் நிரோஜாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் குசினியிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு நாளாவது அதை வாய்திறந்து சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுசி?

"ஓம் மாமி" என்றாள். "அதாலதான்."

"அப்ப நீ காலயில வஞ்சது சரிதான்."

"இல்லை. அது பிழை. அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது." எழும்பிப் போய்ப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக் கதிரையில் கொண்டுவந்து இருத்தினாள். கணினியை அணைத்தாள். "இனிப் பொட்டை மேல வையுங்கோ, இதில. சரியோ? இப்ப நீங்கள் ஒருக்கா அமத்துங்கோ."

"ஐயய்யோ, நானா? வேணாம் புள்ள."

"அமத்துங்கோ மாமி."

பேச்சியம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானில் வைத்து அழுத்தினாள். விர்ரென்றது. பச்சை விளக்கு எரிந்தது. பயத்தில் அவள் விரலை எடுக்கவில்லை; இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கவே எல்லாம் அணைந்துபோனது.

"கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள் பேச்சியம்மா, விரலை எடுக்காமலே.

நிரோஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த விரலைப் பிடித்து மெதுவாகப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஒண்டும் கெடேல்லை மாமி. தொட்டிட்டு விட்டிடோணும். அவ்வளவுதான். திரும்ப அமத்துங்கோ."