நாற்பது ரூபாய் எடை

சங்கிலி தன் பெண்டாட்டி கிருபாவதிக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக நாற்பது ரூபாய். குளிர்பெட்டியின் கால்மாட்டுப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஏறிய படியிலேயே நின்றுவிட்டான். முன்பக்கம் பிடித்திருந்தவர்கள் தள்ளாடினார்கள்.

"ஏலே, நடுப்படியில நிக்காத. எடை பூராம் எங்க மேல வருதுல்ல" என்றான் சுருளிராஜன். கம்பம் வாழைக்காய் மண்டியில் இருபது வருஷமாகச் சங்கிலியோடு லாரிக்குத் தார் ஏற்றுகிறவன்.

சங்கிலி காலை எடுத்து வைத்தான். காலிப் பெட்டி. கிருபாவதியைக் கிடத்திய பிறகும் பெரிதாகக் கனக்காது என்று நினைத்துக்கொண்டான். எட்டு மாத நோய் அவளை அவ்வளவுக்குக் கரைத்திருந்தது. விடிய ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. இப்போது மணி எட்டு.

அனுமந்தன்பட்டியில் ரோட்டைப் பார்த்த வீடு. முன்னறைதான் கிருபாவதியின் டைப்பிங் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மனு எழுத வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பெட்டியைக் கடை வழியாகத்தான் உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. போகிற போக்கில் மேசை விளிம்பில் இடித்து, தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரை விழித்துக்கொண்டது.

உள்ளே பெண்கள் மாரடித்து அழுதார்கள். சங்கிலி சுவரோரம் நின்றான். "ஒரு சொட்டுக் கண்ணீரக் காணோம் பாரு" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

எட்டரைக்கு வீரபாண்டியிலிருந்து கிருபாவதியின் அண்ணன் வேலுச்சாமி வந்தார். கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருப்பவர். கையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை, தோளில் மாலை, இடுப்பில் சில்லறைப் பை. தங்கச்சி முகத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்.

"மாப்ள, நாலு மணிக்கு எடுக்கணும். நோட்டீஸ் பதினோரு மணிக்குள்ள பஸ் ஸ்டாண்டுல ஒட்டியாகணும். கம்பத்துல அடிக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம் மச்சான். நான் அடிக்கிறேன்."

வேலுச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பதிவேட்டில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்த ஆள். அன்றையிலிருந்து அவர் வாயில் இவனுக்குக் 'கைநாட்டு மாப்ள' என்றுதான் பேர். பத்தாவது வரை படித்த தங்கச்சியை இவனுக்குக் கட்டிக்கொடுத்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"இதென்ன வெளையாடுற எடமா? ஊரு பூராம் வாசிக்கப்போற நோட்டீசு. எந்தங்கச்சி அடிச்ச எத்தன நோட்டீசப் பாத்துருப்பாக இந்த ஊர்க்காரவுக. அவளுக்கே தப்பும் தவறுமா ஒட்டுனா நான் எங்கன போயி மொகத்த வைக்க?"

"ஒரு தப்பு இருந்தாலும் கிழிச்சுப் போட்டுட்டுக் கம்பத்துக்குச் சொல்லுங்க."

"ஒரு தப்பு" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டு வேலுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சங்கிலி எழுத்துக் கற்றுக்கொண்டதே இந்த மேசையில்தான், நாற்பத்தாறாவது வயதில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அபிதா அம்மாவுக்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி அனுப்பினாள். மெத்தென்ற கீ. தொட்டால் போதும், எழுத்து விழுந்துவிடும். கிருபாவதிக்கு அதன்மேல் உயிர். பத்து மணி நேரம் அடித்தாலும் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பாள். மண்டியிலிருந்து வந்து குளித்த கையோடு சங்கிலி அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவான். கீ மேல் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துகளை மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். அதனால் எழுத்தைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் அவன் 'ஆ, ஈ, ஊ, ஐ, ஏ' என்றுதான் தொடங்குவான். அவனுடைய உலகத்தில் 'அ' இரண்டாவது வரிசையில் இருந்தது.

எழுத்து வந்தது. அடிக்கத்தான் வரவில்லை. அடுத்த எழுத்தைக் கண் தேடும்வரை விரல் எங்காவது உட்கார வேண்டாமா? உட்கார்ந்த இடத்தில் எழுத்து விழுந்தது. ஒன்று கேட்டால் நாலு விழுந்தது.

"யோவ், தாரு எறக்குற மாதிரி எறக்காதய்யா. பூ வைக்கிற மாதிரி வையி."

"இதுல நான் அமுக்குறனா, அதுவா விழுகுதான்னே தெரியல. தூக்குனா எடை தெரியணும்டி. தோள்ல ஏறுனதே தெரியாட்டி அதென்ன சொம?"

ஒரு வாரம் இந்தச் சண்டை நடந்தது. எட்டாம் நாள் அபிதாவிடம் சொல்லி, இருப்பதிலேயே முரட்டுக் கீ வைத்த இன்னொரு கீபோர்டை வரவழைத்தாள். விலை மூவாயிரத்து எண்ணூறு. "சும்மா இல்ல, கடன்" என்றாள். கடையில் ஒரு பக்கம் அடிக்க நாற்பது ரூபாய். தப்பில்லாமல் அவன் அடிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாடிக்கையாளர் தரும் நாற்பது ரூபாய் கடனில் கழியும். தப்பிருந்தால் அந்தப் பக்கம் கணக்கில் சேராது. கடன் முடிகிறவரை அவன் அடித்த தாளிலும் கீழே 'தட்டச்சு: கிருபாவதி' என்றுதான் இருக்கும். முடிந்த அன்றைக்கு அவன் பேர்.

கீபோர்டு வந்த அன்று, கல்லாவிலிருந்த மஞ்சள் அஞ்சு ரூபாய்க் காசுகளை எடுத்து அவள் கீயின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஏழு காசு வரை அசையவில்லை. எட்டாவது காசில் அமுங்கியது. அவன் கீ பதிமூணு காசு வரை முறைத்துக்கொண்டு நின்று, பதினாலாவதில்தான் அமுங்கியது.

"பாருய்யா. என்னோடது நாப்பது ரூவாய்க்கு அமுங்குது. ஒன்னோடது எழுவது ரூவா கேக்குது. லோடுமேன் புத்தி. கூலி கூடக் கேட்டுத்தான் குனியும்."

தன்னுடையதற்குப் 'பஞ்சு' என்றும் அவனுடையதற்குக் 'கட்டை' என்றும் பேர் வைத்தாள். மனு எழுத வருகிறவர்களையெல்லாம் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தீர்ப்புக் கேட்பாள். பத்துக்கு எட்டுப் பேர் பஞ்சுப் பக்கம்தான். "ஊரே எம் பக்கம்" என்பாள். "ஊரு தாரு தூக்கல" என்பான்.

போன மாதம் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தான். பஞ்சின் முதல் கீயில் விரலை வைத்தாள். அமுங்கவில்லை. அவன் தன் விரலை மேலே வைக்கப் போனான். தட்டிவிட்டாள். "சும்மா இருய்யா, நானே அமுக்குவேன்." கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, "இதுவும் கனமாயிருச்சு" என்றாள். மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த கணக்குத் தாளைப் பார்த்தாள். தப்பில்லாத பக்கத்துக்கு ஒன்றாகத் தொண்ணூற்று நான்கு கோடுகள். "இன்னும் ஒரு பக்கம் இருக்கு. விட்டுறாத."

கடையில் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது சங்கிலி அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது பஞ்சுதான். கையை வைத்தான். விரல்கள் நடுங்கின. விடிகாலையிலிருந்து பெட்டி, பாய், நாற்காலி என்று எதையாவது தூக்கிக்கொண்டே இருந்ததில் தெரியாத நடுக்கம். தொட்ட இடத்திலெல்லாம் எழுத்து விழுந்தது. அழித்தான். அழித்த இடத்திலும் விழுந்தது.

வேலுச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். "மாப்ள, போதும். எந்திரிங்க" என்று போனைக் கையில் எடுத்தார்.

"மாமா, ஒரு நிமிசம்." உள்ளறை வாசலில் அபிதா நின்றாள். அழுது வீங்கிய முகம். வந்து மேசைக்கடியில் குனிந்து, அட்டைப்பெட்டியிலிருந்த கட்டையை எடுத்தாள். பஞ்சைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதை மாட்டினாள். "ஒங்களோடதுல அடிங்கப்பா."

சங்கிலி கையை வைத்தான். நடுக்கம் நிற்கவில்லை. பத்து விரலும் கீயின் மேல் ஆடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் திரை வெறுமையாக இருந்தது. ஒரு எழுத்துகூட விழவில்லை. நடுக்கத்துக்கு எழுபது ரூபாய் எடை இல்லை.

அவன் விரலைத் தூக்கி, வேண்டும் என்று, ஒரு கீயை அமுக்கினான்.

டக்.

ஒரே எழுத்து. அவன் கேட்ட எழுத்து.

டக். டக். தாரைத் தோளுக்கு ஏற்றிப் பலகையில் கால் வைத்து லாரியில் ஏறுவதுபோல் ஒவ்வொன்றாக ஏற்றினான். சத்தம் உள்ளறைக்குப் போனது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிருபாவதி அடித்தால் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். இது வேறு. "சங்கிலி அடிக்கிறான்டி" என்றாள் அவர்களில் ஒரு பெரியம்மா. வெளியே கொட்டுக்காரர்கள் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த மேளத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அந்தச் சாவு வீட்டில் அது ஒன்றுதான் சத்தம்.

தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. வேலுச்சாமி அதை வாங்கி, தேங்காயைத் தட்டிப் பார்க்கிற கவனத்தோடு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார்.

'அனுமந்தன்பட்டி சங்கிலியின் மனைவியும், வீரபாண்டி வேலுச்சாமியின் தங்கையும், அபிதாவின் தாயாருமான கிருபாவதி (வயது 44) இன்று காலை ஐந்து மணிக்குக் காலமானார். மனு என்று வந்த யாரையும் அவர் எழுதிக்கொடுக்காமல் திருப்பி அனுப்பியதில்லை. மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார். வந்து வழியனுப்புங்கள்.'

"இறைவனடி சேர்ந்தார்னு போடலியே?"

"அது எல்லாருக்கும் போடுறது மச்சான்."

வேலுச்சாமி மறுபடியும் முதல் வரியிலிருந்து வந்தார். 'கிளம்புகிறார்' என்ற இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சங்கிலி நினைத்தான். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசி வரிக்கு இறங்கினார்.

"கீழ தட்டச்சுன்னு போட்டு வெறுமன விட்டுருக்க?"

"இன்னும் நாப்பது ரூவா பாக்கி இருக்கு. அது முடிஞ்சாத்தான் எம் பேரு. அவ வச்ச சட்டம்."

"யாரு குடுக்கணும்?"

"நோட்டீஸ் அடிக்கச் சொன்னவுக."

வேலுச்சாமி இடுப்புப் பையை அவிழ்த்து மேசைமேல் கவிழ்த்தார். கோயில் வாசல் சில்லறை. அதிலிருந்து மஞ்சள் அஞ்சு ரூபாய்க் காசாகப் பொறுக்கி எட்டு எண்ணி, அவன் கைப்பக்கம் தள்ளினார்.

"நாந்தான அடிக்கச் சொன்னேன். இந்தா. பேரப் போடு மாப்ள."

அவன் பேருக்கு ஏழு தடவை 'டக்' என்றது. அறுபது தாள் அடித்தார்கள்.

நாலரைக்கு ஊர்வலம் மெயின் ரோட்டில் திரும்பியபோது பஸ் நிறுத்தச் சுவரில், டீக்கடைப் பலகையில், மின்கம்பத்தில் எல்லாம் கிருபாவதி இருந்தாள். சனம் நின்று வாசித்துவிட்டுத்தான் வழி விட்டது. சுருளிராஜன் பாடையின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டே சுவரைப் பார்த்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது.

"என்னலே எழுதிருக்க? வாசி கேப்போம்."

சங்கிலி நடந்துகொண்டே பார்க்காமல் சொன்னான். முதல் வரியிலிருந்து கடைசி வரை, பக்கத்தில் வந்த லோடுமேன்கள் எல்லாருக்கும் கேட்கிற குரலில். கொட்டுக்காரர்கள் அவன் முடிக்கும்வரை அடியைத் தாழ்த்திப் பிடித்தார்கள்.

"கடைசில யாரு பேரு?"

"எம் பேருதான்."

"அடி சக்க" என்றான் சுருளிராஜன், பாடைக்கடியில் இருப்பதையும் மறந்து. பின்னால் வந்த வேலுச்சாமி அவனை அதட்டவில்லை. "எந்தங்கச்சி புருசன் அடிச்சதுப்பா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார்.

காரியம் முடிந்து, ஆற்றில் முழுகி, அவர்கள் வீடு திரும்பும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கழுவிவிட்ட உள்ளறையில் விளக்கு எரிந்தது. சங்கிலி கடைக்குள் வந்தான். கணக்குத் தாளில் தொண்ணூற்று ஐந்தாவது கோட்டைப் போட்டான். கம்ப்யூட்டரிலிருந்து கட்டையைக் கழற்றிவிட்டுப் பஞ்சை மாட்டினான்.

ஈர வேட்டி முடிச்சிலிருந்து மச்சான் கொடுத்த எட்டுக் காசுகளையும் எடுத்தான். மேல் வரிசையில் முதல் கீ, அவன் முதல்முதலாகக் கற்ற எழுத்து. அதன்மேல் ஒரு காசை வைத்தான். பூ வைக்கிற மாதிரி வைத்தான். இன்னொன்று. இன்னொன்று. ஏழு வரை கீ அசையவில்லை.

எட்டாவதை வைத்தான்.

கீ அமுங்கியது. திரையில் ஒரு 'ஆ' விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு 'ஆ'. வரி நிரம்பி, அடுத்த வரிக்கு இறங்கி, அதுவும் நிரம்பி, சத்தமே இல்லாமல் அது போய்க்கொண்டிருந்தது. அவன் காசை எடுக்கவில்லை.