வேலப்பனின் காலைப் பயிற்சி

வேலப்பனுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்தது முப்பதாவது வயதில். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டு வாத்தியார் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, அவர் வீட்டுக்குக் கேரட் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த வேலப்பன் அவருடைய பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டான். மன்னவனூரில் அவனுக்குப் பூண்டுக்காடு இருந்தது. காட்டில் நிற்கும்போதும் அவனுடைய இடது கை விரல்கள் மண்வெட்டிக் காம்பில் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும்.

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் காய்கறியை இறக்கிவிட்டு நேராகச் சஃபீரின் செல்போன் கடைக்குப் போவான். சஃபீருக்கும் அதே பைத்தியம். எந்தக் கம்பி பனிக்குத் துருப்பிடிக்காது, எந்த மரம் நன்றாக அதிரும் என்று இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசுவார்கள். ஒருமுறை வேலப்பன் தன் கிட்டாரின் நடுவிலிருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பை டார்ச் அடித்துக் காட்டினான்.

"ரேகை மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுது பாருங்க பாய். ஒரே பலகை. பிளைவுட்டுன்னா அடுக்கடுக்காத் தெரியும்."

"இது வாசிக்க வாசிக்க இன்னும் நல்லாப் பேசும்ணே" என்றான் சஃபீர்.

அது உண்மைதான். பதினொரு வருடத்தில் அதன் சத்தம் கனிந்திருந்தது. பனிக்காலத்தில் மரம் ஈரம் குடித்துவிடாமல் இருக்க, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு வைப்பான்.

சிவமுருகன் அவனுடைய சித்தப்பா மகன், இரண்டு வயது மூத்தவன். வேலப்பனின் காட்டை ஒட்டியிருந்த தன் நிலத்தில் விவசாயத்தை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டு, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்துக்கொண்டிருந்தான். 'மௌனம் கேம்ப்' என்று பெயர். வாகனச் சத்தமில்லை, ஸ்பீக்கர் இல்லை, காலையில் குருவிச் சத்தத்தில் கண்விழிக்கலாம் என்று போர்டு வைத்திருந்தான்.

பிப்ரவரியில் வேலப்பன் பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போனான். மறுநாள் மத்தியானம் திரும்பியபோது கிட்டார்ப் பெட்டி திறந்து கிடந்தது. மனைவி மணிமேகலை அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஒங்க அண்ணன் வந்து கிட்டார வாங்கிட்டுப் போனாரு. ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்னாரே."

வேலப்பன் கேம்புக்கு நடந்தான். நெருப்புப் போட்ட குழியில் சாம்பலுக்கு நடுவே ஆறு கம்பிகள் சுருண்டு கிடந்தன. பக்கத்தில், கம்பி முறுக்கும் சாவிகளோடு கரிந்த கிட்டாரின் தலைப்பகுதி. சிவமுருகனின் மனைவி ராக்காயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவமுருகன் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். "பெங்களூர்ப் பசங்க கேட்டாங்கலே. நெருப்புப் பக்கத்துல வச்சுட்டானுக, பசை விட்டுப் போச்சு. இனி ஆகாதுன்னு ஒருத்தன் உள்ள தூக்கிப் போட்டுட்டான்."

"நீ இருந்தியாண்ணே அப்ப?"

"இருந்தேன். கட்டைதானலே. வேற வாங்கிக்க."

வேலப்பன் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். அன்று அவனுக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

கோபம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சஃபீர் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினான். கேம்பின் இணையப் பக்கத்தில் ஒரு படம். கிட்டார் எரிகிறது, சுற்றி ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். 'இப்படி ஒரு ராத்திரி வேண்டுமா? மௌனம் கேம்புக்கு வாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. எடுத்தது சிவமுருகன்தான்; படத்தின் ஓரத்தில் அவனுடைய மோதிரம் போட்ட விரல் தெரிந்தது.

வேலப்பன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, "பாய், ஒங்க எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்பும் சும்மாத்தான கெடக்கு?" என்றான்.

"சும்மாத்தான்ணே இருக்கு."

"ரெண்டு மாசத்துக்குக் குடுங்க."

சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்பைத் தன் காட்டு மோட்டார் ரூமில் வைத்தான். அதன் வாசல் கேம்பின் கூடாரங்களைப் பார்த்திருந்தது, நாற்பதடி தூரம்தான். மறுநாள் வெள்ளனே, விடிந்து ஆள் முகம் தெரிகிற நேரத்துக்குத் தொடங்கினான். பாட்டு வாசிக்கவில்லை. பாட்டென்றால் யாராவது ரசித்துவிடக்கூடும். பாட்டு வாத்தியார் விட்டுப்போன புத்தகத்தில் நாற்பது விரல் பயிற்சிகள் இருந்தன. முதல் பயிற்சி நான்கே சுரம். போனில் டக் டக்கென்று தாளத்தைத் தட்டவிட்டு, அந்த நான்கு சுரத்தை ஏற்றியும் இறக்கியும் இரண்டு மணிநேரம் வாசித்தான். சாயங்காலம் மறுபடியும் இரண்டு மணிநேரம்.

மூன்றாம் நாள் சிவமுருகன் வரப்பில் வந்து நின்றான். "ஏலே, ஆளுங்க தூங்கணும்லே."

வேலப்பன் நிறுத்தாமல், "பழகுறேண்ணே" என்றான்.

ஒரு வாரத்தில், காசு கொடுத்துத் தங்கியவர்கள் கேம்பைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கினார்கள். குருவிச் சத்தம் என்றார்கள், கேட்டதோ ரம்பம் அறுப்பதுபோல ஏதோ சத்தம் என்று ஒருவர். பெயரில் மட்டும்தான் மௌனம் என்று இன்னொருவர். வேலப்பன் ஒவ்வொன்றையும் மணிமேகலைக்கு வாசித்துக் காட்டினான். அவள் முதலில் சிரித்தாள். தான் ஏமாந்துபோய் எடுத்துக் கொடுத்தது அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

சிவமுருகன் ஊர்ப் பெரியவர் குருநாதனிடம் போனான். குருநாதன் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பகல்ல, அவன் காட்டுல, அவன் வாசிக்கிறான். இதுல நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு வேலப்பனிடம், "நீ என்னய்யா கேக்குற?"

"நான் எதுவும் கேக்கலைங்க. பழகுறேன், அவ்வளவுதான்."

கிட்டார் எரியும் படத்தைச் சிவமுருகன் அன்றே கேம்பின் இணையப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டான். நான்கு நாள் கழித்துச் சிவமுருகன் புதுக் கிட்டார் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமுக்கே வந்தான். வேலப்பன் அதை வாங்கி ஓட்டை விளிம்பைப் பார்த்தான். அடுக்கடுக்காகத் தெரிந்தது. விரலால் தட்டினான், டப்பா போலச் சத்தம் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"சீசன் வருதுலே. மே மாசத்த நம்பித்தான் இருக்கேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்ற?"

"இந்தப் புஸ்தகத்துல நாப்பது பயிற்சி இருக்குண்ணே. நான் இன்னும் ஒம்பதத் தாண்டல."

 சிவமுருகனின் முகம் கோணியதை வேலப்பன் பார்த்தான். எரிந்த கம்பிகளைப் பொறுக்கிய நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது கொஞ்சம் இறங்கியது. பத்தாவது பயிற்சியைப் பிரித்தான்.

ஏப்ரல் கடைசியில் கூடாரங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். தாண்டிக்குடிப் பக்கம் யாரோ இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ராக்காயி பெரிய சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மோட்டார் ரூமைத் தாண்டிப் போனாள். கேம்பில் சமைத்துத்தான் அவள் கையில் நாலு காசு புழங்கிக்கொண்டிருந்தது. அவள் வேலப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலப்பனின் விரல் ஒரு சுரத்தில் தடுக்கியது. முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.

அன்று சாயங்காலம் மணிமேகலை, "ராக்காயி அக்கா என்ன செஞ்சுச்சு ஒங்கள?" என்றாள். வேலப்பன் கம்பிகளைத் துணியால் துடைத்தான். அதன்பிறகு அவன் வாசிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவதை அவள் விட்டுவிட்டாள்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சஃபீர் வாசித்துக் காட்டச் சொன்னான். கேட்டு முடித்ததும், "என்னண்ணே, ஒவ்வொரு சுரமும் தனித்தனியா விழுது. இப்படி வாசிச்சு நான் கேட்டதே இல்ல" என்றான். வேலப்பன் கொண்டுபோன கிட்டாரையும் ஆம்ப்பையும் அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

ஆவணியில் பாலசமுத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சிவமுருகன் தாண்டிக்குடியிலிருந்து வந்திருந்தான். மெலிந்திருந்தான், அங்கே கூடாரம் சரியாகப் போகவில்லை என்று பேச்சு. பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேலப்பனைக் கிட்டாரோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டுத்தான் கேட்டார்கள். வேலப்பன் பந்தியில் உட்கார்ந்திருந்த சிவமுருகனைப் பார்த்தபடி முதல் பயிற்சியின் நான்கு சுரத்தைத் தொட்டு, அதிலிருந்தே ஒரு பாட்டுக்குள் போனான். கூட்டம் கைதட்டியது. சிவமுருகன் இலையை மூடிவிட்டு, வாயில் ஒரு கவளம்கூட வைக்காமல் எழுந்து வெளியே போனான்.

வேலப்பன் அதைப் பார்த்தான். இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தான்.