இரும்புப் பெட்டியில் செல்லு

லிஃப்ட் மெக்கானிக்கை அந்தத் தெருவில் எல்லோரும் கைவைத்தியர் என்றுதான் சொல்வார்கள். வைத்தியம் மனிதர்களுக்கு இல்லை, பூச்சிகளுக்கு. போரிக் பவுடரையும் சர்க்கரையையும் மாவில் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, அடுப்புமேடைக்கு அடியில் வைப்பார். நாலே நாளில் கரப்பான்பூச்சி கூண்டோடு கைலாசம். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு, எலிக்குப் பசை அட்டை, மூட்டைப்பூச்சிக்குக் கொதிக்கிற தண்ணீர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டையே ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு பூச்சி எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. பூச்சிக்கெல்லாம் ஆள் வைத்து மருந்தடிக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். உள்ளதைச் சொன்னால், அவர் கட்சியில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்த்தது.

மேல்வீட்டில் மூட்டைப்பூச்சி மெத்தைக்குள் குடியேறி, அவர்கள் ஒரு மருந்துக்காரரை வரவழைத்தார்கள். வந்தவர் வேலை முடிந்து போகும்போது, கைகழுவத் தண்ணீர் கேட்டுக் கீழ்வீட்டு வாசலில் நின்றார். மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறவள். தண்ணீரும் சோப்பும் கொடுத்தாள். நின்ற நிலையிலேயே பத்து நிமிஷம் பேச்சு நடந்தது. மூட்டைப்பூச்சி மெத்தையின் தையல் மடிப்பில்தான் முட்டையிடும் என்று அவர் சொல்ல, தையல்காரிக்குச் சுவாரசியம் தாங்கவில்லை.

சாயங்காலம் கணவருக்குச் சாப்பாடு போடும்போது அதையே சொன்னாள். "எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கார் தெரியுமா? அவர் மருந்துல வாடைகூட இல்லையாம்." மெக்கானிக் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் கரப்பான்களைக் கொன்றிருப்பார்! ஒரு நாளாவது 'எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க' என்று அவள் வாயிலிருந்து வந்ததுண்டா? அன்றைக்குப் பிடித்தது பொறாமை. அடுத்த வாரமே மருந்துக்காரரிடம் இருந்ததைப் போல நெற்றியில் கட்டுகிற டார்ச் ஒன்றை வாங்கிவந்தார். பூச்சியே இல்லாத சிங்க்குக்கு அடியில் அதைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருந்தார். அவள் எட்டிப் பார்த்து, குழாய் ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்கு நடுவில் கரையான் விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பின்கதவு நிலையில் விரல் பருமனுக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது. மெக்கானிக் அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயை ஊற்றி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார். வீடு ஒரு வாரம் நாறியது. தைக்க வந்த துணியிலும் வாடை ஏறி, அவள் இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆளைக் கூப்பிடலாமா என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தோடு அவள் அந்தப் பேச்சை விட்டாள். கரையான் கதை முடிந்தது என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை மதியம், மறந்துபோன ஸ்பேனரை எடுக்க அவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே மனைவி போனில் பேசுகிற சத்தம் கேட்டது. மெஷின் ஓடாததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"செல்லு இருக்கறதே அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் வாங்க. பின்பக்கமாவே வந்துடுங்க, வாசல்ல யாராவது பார்த்தா அவர்கிட்ட சொல்லிடுவாங்க." பிறகு ஒரு சிரிப்பு. "மேல்வீட்டுக்கு வந்தப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க வந்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் பிறந்த வீட்டில் கரையானுக்குச் செல்லு என்றுதான் பெயர். மரத்தைச் செல்லு அரித்தது, புத்தகத்தைச் செல்லு அரித்தது என்று சொல்லி வளர்ந்தவள். மெக்கானிக்குக் கரையான் என்றால்தான் கரையான். செல்லு என்றால் சட்டைப்பையில் இருக்கிற போன். அவர் முன்னால் அவளும் கரையான் என்றே பேசிப் பழகிவிட்டாள். தாய்வீட்டு வார்த்தை அவர் இல்லாத இடத்தில்தான் வரும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காதுக்கும் காமாலை வரும் என்பதை அன்றைக்கு அவர் நிரூபித்தார்.

அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். கரப்பான் செத்தது, எலி செத்தது, கரையானும் செத்தது. அப்புறம் மருந்துக்காரனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? ஆக, அவன் இவளுக்கு ரகசியமாக இன்னொரு செல்லு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில்தான் பேச்சு. வியாழக்கிழமை பின்பக்கமாக வருகிறான். நிம்மதி தருகிறான். ஸ்பேனரை எடுக்காமலே அவர் திரும்பிப் போய்விட்டார்.

நேரே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதைக் கேட்க முடியாத இடத்தில் அவர் இருந்தார். துணி தைக்க வருகிற பெண்கள் தங்கள் வீட்டுக் குறையைச் சொல்லும்போதெல்லாம் அவள் ஒன்றைப் பெருமையாகச் சொல்வாள். 'எங்க வீட்டுக்காரர் ஒரு நாளும் யாருகூடப் பேசினே, எங்க போயிருந்தேன்னு கேட்டதில்ல.' அவள் மெஷினில் ஊசி கோத்தபடி இதைச் சொல்லும் குரல் அவருக்கு மனப்பாடம். கேட்டால் அந்தப் பெருமை போச்சு. ஊகம் தவறென்றால் அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அதனால் அவர் கேட்கவில்லை. கேட்பதை விடக் கேவலமான காரியத்தைச் செய்தார், தேடினார்.

புதன்கிழமை அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போனாள். லீவு போட்டிருந்த மெக்கானிக், தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அலமாரி, தலையணை உறை, அரிசி டப்பா, எதிலும் இல்லை. கடைசியில் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் அவளுடைய இரும்புப் பெட்டி பூட்டிக் கிடந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்குப் பூட்ட வேண்டும் என்று நினைத்தார். பிறத்தியார் துணியைப் பூட்டி வைக்காமல் பின்னே என்ன செய்வாள் என்று நினைக்கத் தோன்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பியதும் பூட்டு வாயைப் பிளந்தது.

உள்ளே வெட்டிய துணி, லேஸ், நூல்கண்டு, அளவு எழுதும் நோட்டு. நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் 3832140716 என்று ஒரே வரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தார், சரியாகப் பத்து. அந்த எண்ணுக்கே போன் போட்டார். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. பக்கத்து வீட்டு டீச்சரின் மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டு, தோள் பதினான்கு, கை ஏழு, நீளம் பதினாறு என்பது பாவம் அவருக்கு எங்கே தெரியப் போகிறது! எல்லாவற்றையும் உள்ளே திணித்து, உடைந்த பூட்டைப் பூட்டியது போலத் தொங்கவிட்டு எழுந்தார். செல்லு கிடைக்காததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். அவருக்கோ, 'கெட்டிக்காரி, கையோடு எடுத்துப் போயிருக்கிறாள்' என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தார். மூன்று டீ குடித்தார். பத்தேகாலுக்குப் பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பினார். பின்வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. உள்ளே மருந்துக்காரரின் குரல், "அக்கா, இங்க தட்டிப் பாருங்க" என்றது. அதில் 'அக்கா' மட்டும் அவர் காதில் விழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

"எங்க அந்தச் செல்லு?"

மனைவி திடுக்கிட்டு, பிடித்திருந்த விளக்கைத் தாழ்த்தினாள். மருந்துக்காரருக்கு ஒரு விகற்பமும் தோன்றவில்லை. "இதோ சார், இங்கதான்" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கதவு நிலையில் வைத்து லேசாக அழுத்தினார். அட்டையில் இறங்குவது போல அது பிடிவரைக்கும் இறங்கியது. அவர் வெளியே இழுத்ததும் ஓட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கொட்டின. மெக்கானிக் அடித்த பெயிண்ட் மட்டும் மேலே புத்தம்புதிதாக மின்னிக்கொண்டிருந்தது.

மருந்துக்காரர் பொறுமையாக விளக்கினார். மண்ணெண்ணெய் மேலே தெரிகிறதை மட்டும்தான் கொல்லும். கூடு தரைக்குக் கீழே இருக்கிறது, பெயிண்டுக்குப் பின்னாலேயே ஏறி மேல்சட்டம் வரைக்கும் தின்றுவிட்டது. சுவரோரமாக வரிசையாக ஓட்டை போட்டு, மருந்தை உள்ளே இறக்க வேண்டும். "கரப்பான், எறும்பு, எலிக்கெல்லாம் உங்க கைவைத்தியமே போதும் சார். ஆனா மண்கோடு சுவத்துல ஏறிடுச்சு, மரத்தைத் தட்டினா டொக்குனு கேக்குதுன்னா, தாமதிக்காம ஆளைக் கூப்பிட்டுடணும்." பிறகு, மறைக்க இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே அதையும் சொன்னார். "அக்காதான் சார் நீங்க இல்லாதப்ப வரச் சொன்னாங்க. உங்க மருந்துலயே செல்லு போயிடுச்சுன்னு இருக்கட்டும், நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

செல்லு என்றால் இதுதானா! நான்கு நாளாக மெக்கானிக்கின் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரே நொடியில் இறங்கியது. கூடவே வெட்கம் வந்தது, ஆனால் சந்தோஷம் அதை முந்திக்கொண்டது. கரையான் வீட்டையே தின்றாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவர் மனதார நினைத்தார். மருந்துக்காரரைத் தம்பி என்று கூப்பிட்டார். அவருடைய டிரில்லுக்குத் தானே ஓடிப் போய் ஒயர் இழுத்துக் கொடுத்தார். சுவரோரச் சாமான்களை ஒரு முழம் தள்ளி வைக்கணும் என்றதும், வெட்டும் மேஜையை ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்தினார்.

அடியில் இருந்த இரும்புப் பெட்டியை அவள் இழுத்தாள். பூட்டு கழன்று தரையில் விழுந்தது.

அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நெம்பிய தழும்பு பளிச்சென்று தெரிந்தது. "இது யார் உடைச்சது?"

பொய் சொல்ல அவருக்கு வேலையே இருக்கவில்லை. உண்மையே பொய்யாக வந்து நாக்கில் நின்றது. "நான்தான். செல்லு இருக்கான்னு பார்த்தேன்."

மருந்துக்காரர் சிரித்துவிட்டார். "இரும்புப் பெட்டியை எங்க சார் செல்லு அரிக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. பூட்டைப் பார்த்தாள். வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் யூனிஃபார்மோடு நிற்கிற கணவரைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகக் கரையான் என்று மட்டுமே சொல்லிவந்த மனிதர், கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கே அந்தச் செல்லு என்று கேட்டதை நினைத்துக்கொண்டாள். தான் போனில் என்ன பேசினோம் என்பதையும் ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்திருப்பாள், ஏனென்றால் அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. மெஷின் மேல் இருந்த தன் போனை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

அப்போது போன் அவர் கையிலேயே அடித்தது. சூடுபட்டவர் போல அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கதவு நிலைப் பக்கம் போனாள்.

"நீங்களே எடுங்க. யாருன்னு கேட்டுட்டு அப்புறமாக் கொடுங்க."

எடுத்தார். பிள்ளையின் யூனிஃபார்ம் தைத்தாகிவிட்டதா என்று ஒரு அம்மாள் கேட்டாள். அவர் அதை அவளிடம் சொன்னார். சனிக்கிழமை தருவதாகச் சொல்லச் சொன்னாள், சொன்னார். டிரில் ஓடத் தொடங்கியது. அவள் விளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு மட்டுமில்லை. அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம், பக்கத்தில் அவர் இருந்தால், அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள். யாருன்னு பாருங்க என்பாள். குரலில் கோபம் துளியும் இருக்காது. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாதானம் செய்யத் தெரியும்.