நாற்பத்தோராயிரம் மணி நேரம்

ஹொன்னேகௌடர் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் வந்துவிட்டால் நான் வெளியே போக முடியாது. கடை அகலம் ஐந்தடி, கௌடர் உயரம் ஆறடி. பெங்களூர் பக்கம் மாகடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். அன்று காலை மடிக்கணினியை மேஜையில் வைத்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறது, நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது என்றார். வைரஸ்தான் என்று தானே முடிவும் கட்டியிருந்தார். நான் அடிப்பக்கம் காதை வைத்தேன். டிக், டிக். வைரஸ் சத்தம் போடாது. ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

"போனா போகட்டும் குரு, வேற போடு. ஸ்பூர்த்தி கல்யாணத்தை மட்டும் எடுத்துக் குடுத்துரு."

கேமரா கார்டில் இருக்குமே என்றேன். முகூர்த்த சீசன், மறுநாளே அடுத்த கல்யாணம், கார்டை அழித்துவிட்டாராம். வீடியோக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஸ்பூர்த்தியின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போனவர். பத்தாம் நாள் இறந்துவிட்டார். தாரை வார்த்தது மட்டும் போதும் அண்ணா என்று அந்தப் பெண் தினமும் போன் செய்கிறாளாம்.

திருகுகளைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்தேன். ஓரத்தில் பச்சை மையில் ஒரு தேதி. என் கையெழுத்து. போன தசராவுக்கு நான்தான் போட்டிருக்கிறேன்.

அது புது டிஸ்க் இல்லை. மூடிப்போன கம்பெனிகளிலிருந்து கழற்றி வந்த பழசு. எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க் தனக்குள் குறித்து வைத்திருக்கும். அதைப் பூஜ்யமாக்கி, பாக்கெட்டில் போட்டு ஒட்டிப் புதுசு என்று கொடுத்தேன். அந்த லாட்டில் மொத்தம் ஆறு. எட்டே மாசத்தில் இப்படி ஆகுமா என்று கௌடர் கேட்டபோது, கரண்ட் கூடிக் குறையுதில்ல, அதான் என்றேன். நாக்கு கூசவில்லை.

படுக்க வைத்தால் டிக் டிக் என்றது. செங்குத்தாக, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் கையில் பிடித்தால் ஒழுங்காகச் சுழன்றது. புத்தகத்தை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. கையாலேயே பிடித்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி நகல் எடுக்கும் புது மென்பொருளை ஓடவிட்டேன். அரை மணியில் ஏழு சதவீதம். இடையில் நின்றால் மறுபடி சுழலும் என்று சொல்வதற்கில்லை. என் கை மரத்துப்போனது.

"இங்க குடு குரு. முகூர்த்தம் முழுக்க மூணு கிலோ கேமராவை ஆடாமப் பிடிக்கிறவன் நான்."

இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்தார். கல்லில் வடித்த கை. நான் நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன், நிம்மதி போய்விட்டது. டிஸ்க் ஓடிய மணிக்கணக்கையும் அந்த மென்பொருள் காட்டியது, இரண்டு வரிகளில். மேலே ஆயிரத்துத் தொள்ளாயிரம், நான் பூஜ்யமாக்கிய பிறகு ஓடியது. கீழே நாற்பத்தோராயிரம். டிஸ்க் இன்னொரு இடத்திலும் எழுதி வைத்திருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து திரைக்கு முன்னால் நின்றேன். மறைக்காதே, எத்தனை சதவீதம் என்று தெரியணும் என்றார். நகர்ந்தேன். வேறென்ன செய்ய?

நாலு மணி நேரம் அவருக்குப் பார்க்க அந்தத் திரையை விட்டால் வேறில்லை. அறுபத்திரண்டு சதவீதத்தில் அவர் உதடு அசைவது தெரிந்தது. கணக்குப் போடுகிறார்.

"ராப்பகலா ஓடினாலும் எட்டு மாசத்துக்கு ஆறாயிரம் மணி தாண்டாதே. இது யார் வீட்டுப் பழசு?"

சொல்லிவிட்டேன், இப்படி மொத்தம் ஆறு விற்றதையும். பொய் சொல்ல இடமில்லை, ஓட வழியும் இல்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் அசையவில்லை. அடிக்க வேண்டுமானால் டிஸ்கை விட வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவை விட வேண்டும்.

"மீதி அஞ்சு யார்கிட்ட இருக்கு?" குரல் உயரவில்லை. "போன் போடு. ஒவ்வொருத்தருக்கா. நான் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டேன். நான் விற்றது பழைய டிஸ்க், உடனே அணைத்து வையுங்கள், நானே வந்து மாற்றித் தருகிறேன். நாலு பேரிடம் இதையே சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் நம்பவில்லை, ஒருவர் நன்றி சொன்னார். நன்றிதான் தாங்க முடியவில்லை.

நாலாவது பேச்சின் நடுவே தாரை வார்த்த பகுதி முழுசாக வந்து சேர்ந்தது. திறந்து காட்டினேன். பச்சைப் புடவையில் அந்த அம்மா, ஊசி குத்திய கட்டோடு மகள் கைமேல் நீர் விட்டுக்கொண்டிருந்தார். கௌடர் கண் கலங்கினார். மீதிக் கல்யாணம் இன்னும் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"அஞ்சாவது," என்றார்.

அது சிக்பேட்டையில் ட்யூஷன் எடுக்கும் கலாவதி டீச்சர். என் குரல் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம்.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு வாரமா என்னவோ சத்தம் வருது. நீங்க காதாலயே கண்டுபிடிப்பீங்களே, இருங்க, போனைப் பக்கத்துல வைக்கிறேன்."

வைத்தார். கௌடர் என்னையே பார்த்தார். ஐந்தடிக் கடை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

டிக், டிக்.