கிள்ளை மாட்டின் ரத்தம்

சௌந்தரத்தின் கறவை மாடு விடிந்ததிலிருந்து முளையையே சுற்றிச் சுற்றி வந்தது. கயிறு முழுக்கச் சுற்றிக் கழுத்தை இறுக்கியும் நிற்கவில்லை. கிள்ளை கால்நடை மருந்தகத்துக்குச் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டாக்டர் ஷஹனாஸ் அதன் காது நரம்பில் ரத்தம் எடுத்தாள். காது நெருப்பாகச் சுட்டது.

மருந்தகத்தில் அந்தச் சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். சிவப்பணுக்கள் அங்கங்கே தானாக அசைந்தன. பிறகுதான் அவற்றை இடித்துத் தள்ளுவது தெரிந்தது. சாட்டை போன்ற வாலைச் சொடுக்கிக்கொண்டு நெளிந்து ஓடும் ஒட்டுண்ணிகள். சர்ரா நோய். மாட்டு ஈ கடித்துப் பரவுவது.

ஊசி மருந்தோடு திரும்புவதற்குள் மாடு விழுந்துவிட்டது. ஊசி போட்டும் எழவில்லை.

"அவருக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வருது டாக்டரம்மா. மாத்தர போட்டும் கேக்கல" என்றாள் சௌந்தரம்.

சுவரோரம் சாய்ந்திருந்த அவள் கணவர் கொளஞ்சியப்பன் சிரித்தார். "மாட்டுக் காய்ச்சல் மனுசனுக்கு வருமா?"

"வராதுங்க" என்றாள் ஷஹனாஸ். மனித ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஒரு காப்புச் சத்து உண்டு; அது பிழைக்காது. அபூர்வமாக யாருக்காவது அந்தக் காப்பு பிறவியிலேயே இருக்காது என்றும் படித்திருந்தாள். அவர் உள்ளங்கையில் ஒரு தழும்பைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"இந்த மாடு கன்னு போடறப்ப கைய விட்டு இழுத்தேன். அதுக்கு முந்தியே அருவா கிழிச்சிருந்துச்சி."

வெட்டுக்காயத்தில் மாட்டு ரத்தம் பட்டிருக்கும் என்று ஷஹனாஸுக்குத் தோன்றியது. ஆட்டோ பிடித்து இருவரையும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேப் டெக்னீஷியன் ஸ்ரீமதி அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, குனிந்து பார்த்தாள். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீங்களே பாருங்க மேடம்."

அதே நெளிவு. அதே சொடுக்கு.

வெளியே வந்ததும் கொளஞ்சியப்பன் கேட்டார், "மலேரியாவாம்மா?"

"இல்லைங்க. மாட்டுக்கு வந்ததேதான்" என்றாள் ஷஹனாஸ். சௌந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கான மருந்து இங்கே எந்தக் கடையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அது வருவதற்குள் அவர் பகலெல்லாம் தூங்கத் தொடங்கியிருந்தார். மனைவியைச் சில நேரம் அடையாளம் தெரியவில்லை. மருந்து ஏறிய பிறகு மெல்லத் தேறி, பாதி உடம்பாக வீடு திரும்பினார்.

இதற்கிடையில் ஷஹனாஸ் அந்தத் தெரு மாடுகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தாள். நன்றாகத் தின்று அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகளின் ரத்தத்திலும் அந்த ஒட்டுண்ணிகள் ஓடின.

சேதி எப்படியோ பரவியது. மறுநாள் அவள் மருந்தகத்தைத் திறக்க வந்தபோது வாசலில் கூட்டம். ஒருவர் கையிலும் மாட்டுக் கயிறு இல்லை. முன்னால் நின்ற, அதே தெருவில் மாடு வைத்திருக்கும் பொன்னி, முந்தானையைப் போர்த்தி நடுங்கியபடி விரலை நீட்டினாள்.

"எனக்கும் பாத்துடுங்க டாக்டரம்மா."