முந்திப் புறப்பட்டவர்

பால்வண்ணநாதன் பத்திரப் பதிவு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், மகள் பம்பாயில். வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும். மனுஷர் வாய்விட்டுப் பேசுவது காலை நடையில் மட்டும்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அவரும், ஜவுளிக்கடை அகமது கபீரும், ஓவர்சியராக இருந்த கடற்கரையும் தென்காசியிலிருந்து நடந்தே போய் அருவியில் குளித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார்கள். மூன்று மைலும் ஊர் வம்புதான், சிரிப்புதான்.

எழுபத்தேழாம் வருஷம் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடிக்கு உயிர் போகும். மடக்கினால் உள்ளே நறநறவென்று சத்தம். “தேய்மானம், வயசானா வரத்தான் செய்யும்” என்று டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். அதைக் கூட்டாளிகளிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை. நொண்டிக்காக யார் காத்திருப்பார்கள், கழற்றிவிட்டுவிடுவார்கள் என்று பயம்.

“எனக்கு நாலு மணிக்கே முழிப்பு வந்திருது. நான் முன்னால போறேன், நீங்க பொறத்தால வாங்க” என்று ஒரு பொய்யைச் சொல்லி, அரைமணி முந்திக் கிளம்பினார். மூவரும் ஒரே நேரத்தில் அருவிக்கரை போய்ச் சேர்ந்தார்கள். ஈரப் பாறையில் எல்லோருமே மெதுவாகத்தான் நடப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆகா, என்ன சாமர்த்தியம்! ஆனால் அருவி இரைச்சலில் என்ன பேச, பஸ் நெரிசலில் என்ன பேச? பேச்சு இருந்ததே அந்த மூன்று மைலில்தான். அதை அவர் தன்னந்தனியே நடந்தார்.

அடுத்த சீசனில் அரைமணி ஒரு மணி ஆனது. அதற்கடுத்த சீசனில் இடது காலும் சேர்ந்துகொண்டது, ஒன்றரை மணி.

ஒருநாள் நல்ல சாரல். மேலகரம் தாண்டியதும் கால் மறுத்துவிட்டது. சாலையோரம் ஒரு பெரிய மருதமரம். அதன் மறைவில் இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தப்பு. குடையை ஊன்றி மூன்று தடவை எழப் பார்த்தார். முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. அப்போது தெரிந்த குரல்கள் நெருங்கி வந்தன.

“அண்ணாச்சிக்கு நம்ம கூட நடக்கது கவுரவக் குறைச்சலா இருக்கும் போல, பாய்” என்றார் கடற்கரை. “ரெண்டு வருசமா பாக்கேன், நம்மளைக் கண்டா ஓடுதாரு.”

“பிடிக்கலைன்னா விட்ருவோம். நாளையிலேருந்து நாம ஐந்தருவிக்குப் போவோம். அவரு பாட்டுக்கு நிம்மதியாக் குளிக்கட்டும்” என்றார் கபீர்.

பால்வண்ணநாதன் காதில் அத்தனையும் விழுந்தது. அடப் பாவிகளா, நானா ஓடினேன்! இரண்டு பேரும் மரத்தைத் தாண்டிவிட்டார்கள். இப்போது கூப்பிடாவிட்டால் இனி எப்போதும் இல்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“கபீர் பாய்! ஏ கடற்கரை! என்னால எந்திரிக்க முடியலைய்யா!”

ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

“என்ன அண்ணாச்சி நீங்க!” கபீருக்குக் கோபமே வந்துவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெள்ள நடந்திருப்போமே. எங்களுக்கு அங்கன என்ன கலெக்டர் உத்தியோகமா காத்துக் கெடக்கு?”

கடற்கரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாங்க, இப்ப நடப்போம். நீங்க எப்படி நடக்கீங்களோ, அப்படியே நாங்களும்.”

இருவரும் தோள் கொடுத்தார்கள். பால்வண்ணநாதன் ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார். மூன்றாவதற்குக் கால் வரவில்லை. மெள்ள நடக்க முடிந்த இரண்டு வருஷத்தையும் அவர் தனியாகவே நடந்து தீர்த்துவிட்டிருந்தார்.

“தென்காசி பஸ் வந்தா கை காட்டுங்க, பாய்” என்றார்.